நீளக்காது சாட்சி

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்!

இன்ஸ்பெக்டர் தங்கமுத்து ரிசீவரை எடுத்தார்.

1962, பிப்ரவரி 12. வெளியே ஒரு தேர்தல் ஜீப் வாக்காளப் பெருமக்களின் காதைக் கிழித்துக்கொண்டு போனது. திண்டுக்கல் முழுக்கத் தொண்டை கட்டிப்போயிருந்த நேரம்.

"ஹலோ! யாரு?"

"சார்... நான் அங்கம்மா. அய்யலூர் தபாலாபீஸ்ல இருந்து பேசுறேன்..."

அங்கம்மாள்! ஐந்து மாதத்துக்கு முன்னால் கழுத்தில் வெட்டு வாங்கிச் செத்துப்போன ஆட்டுக்காரன் மலைச்சாமியின் மனைவி.

"சொல்லும்மா. என்ன விஷயம்?"

"எங்க ஆடு குட்டி போட்டிருக்கு சார்!"

தங்கமுத்து ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பதினெட்டு வருட சர்வீஸில் கொலைக்குப் போன் வந்திருக்கிறது. கொள்ளைக்கு வந்திருக்கிறது. பிரசவத்துக்கு இதுதான் முதல்!

"சந்தோஷம். சீம்பால் காய்ச்சினா எனக்கும் ஒரு டம்ளர் எடுத்து வை. இதுக்கா ட்ரங்க் கால் போட்டே?"

"சார்... குட்டிக்குக் காது தொங்குது சார்! தாடைக்குக் கீழ தொங்குது! மூக்கு கிளிமூக்கு! எங்க வீட்டுக்காரரு வடக்க இருந்து கொண்டாந்தாரே... அந்தக் கிடா சாடை அப்பிடியே இருக்கு!"

தங்கமுத்துவின் சிரிப்பு அறுந்தது.

"குட்டியை யார் கண்ணுலயும் காட்டாதே. இதோ வாரேன்!"

ரிசீவரை வைத்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"யோவ் ஏட்டு! ஜீப்பை எடு! வழியில கால்நடை டாக்டர் முனீரையும் அள்ளிப் போட்டுக்கோ!"

"ஸார்... அது மாட்டு டாக்டர்! யாருக்கு உடம்பு சரியில்ல?"

"என் கேஸுக்குய்யா!"

ஜீப் வடமதுரை ரோட்டில் புழுதியைக் கிளப்பியது. டாக்டர் முனீர் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையில் ஸ்டெதஸ்கோப். முகத்தில் பீதி.

"என்ன கேஸ் இன்ஸ்பெக்டர் இது?"

"முடிஞ்சுபோன கேஸ் டாக்டர். நாளன்னைக்கு மதுரை செஷன்ஸ் கோர்ட்ல தீர்ப்பு. அனேகமா தூக்கு. ஏட்டு, ஃபைலைப் படிச்சுக் காட்டு."

ஏட்டு எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார்.

போன வருடம் செப்டம்பர் 14, வியாழக்கிழமை. அய்யலூர் சந்தை நாள். ஊரே சந்தையில் கிடந்தது. மலைச்சாமி மட்டும் மலையடிவாரத் தோட்டத்தில் தனியாக இருந்தான். அன்று காலை எட்டு மணி ரயிலில்தான் ஒரு ஜமுனாபாரிக் கிடாவைக் கொண்டுவந்து இறக்கியிருந்தான். இடுப்பு உயரக் கிடா! முழ நீளக் காது! வெள்ளைத் தோலில் கழுத்து மட்டும் காப்பிக்கொட்டை நிறம்! களைத்து வந்த கிடாவைக் கலைக்க வேண்டாம் என்று தன் ஆடுகளையெல்லாம் மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டிருந்தான்.

மத்தியானம் இரண்டு மணி. அங்கம்மாள் சோறு கொண்டு போனாள். அவள் போட்ட அலறல் சந்தை வரைக்கும் கேட்டது.

வேப்பமரத்தடியில் மலைச்சாமி ரத்தத்தில் கிடந்தான். தழை வெட்டும் அரிவாள் பக்கத்திலேயே கிடந்தது. கிடாவைக் காணோம்!

நாலே நாளில் கிடா கிடைத்தது... வெறும் தோலாக! பேகம்பூரில் ஒரு தோல் மண்டியில், உப்புப் போட்டு மடித்த தோல்களுக்கு நடுவே. நெஞ்சுப் பக்கம் ஒரு சிவப்புக் கறை வேறு. மண்டிக்காரர் பெயர் கிதர் முகம்மது.

மலைச்சாமியின் உயிர் நண்பர்!

"உயிர் நண்பரா?" என்றார் முனீர்.

"ஒரே தட்டுல சாப்பிட்ட நண்பர். கொலைக்கு முந்துன வாரம் டீக்கடையில இருபது பேருக்கு முன்னால சொல்லியிருக்கார். 'கிடாவை நீ வச்சுக்க மலைச்சாமி... தோலு மட்டும் எனக்குத்தான்!' விளையாட்டுக்குச் சொன்னேன் சார்னு அழுதார். கோர்ட்டுக்கு விளையாட்டு தெரியுமா?"

"மடிச்ச தோலை யாரும் விரிச்சுப் பாத்து வாங்கறதில்லையே இன்ஸ்பெக்டர்? சந்தையில எவன் வேணா அவர் வண்டியில சொருகியிருக்கலாமே?"

"அதையும்தான் சொன்னார். நான் நம்பலை."

தங்கமுத்து வெளியே பார்த்தார். நம்பியிருக்கலாமோ என்று ஒரு நெருஞ்சி முள் உள்ளே குத்தியது.

ஏட்டு தொடர்ந்தார். "தோட்டத்தில் கைப்பற்றிய சாமான்கள்... அரிவாள் ஒண்ணு. பீடிக்கட்டு ஒண்ணு. கொட்டாங்குச்சியில் குழைச்ச காவி. அப்புறம் ஒச்சாயிங்கிற கிழவியோட வாக்குமூலம்... அன்னிக்கு உச்சிவெயில்ல எவனோ ஒருத்தன் குளத்துல ஆட்டைக் குளிப்பாட்டினதைத் தூரத்துல இருந்து பார்த்தாளாம். மூஞ்சி தெரியலையாம். ஓரத்துல நீங்க ஒரு குறிப்பு எழுதியிருக்கீங்க ஸார்."

"என்ன எழுதியிருக்கேன்?"

"'கிழவிக்குக் கண் சரியில்லை'ன்னு."

தங்கமுத்து தொப்பியைக் கண் வரைக்கும் இறக்கிக்கொண்டார்.

அங்கம்மாளின் வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக்கொட்டில்.

கறுப்பு வெள்ளாடு ஒன்று தன் குட்டியை நக்கிக்கொண்டு நின்றது. குட்டி நடுங்கிக்கொண்டே எழுந்தது. விழுந்தது. மறுபடி எழுந்தது. இரண்டு காதும் இரண்டு வெற்றிலையைப் போல் தொங்கின.

முனீர் குனிந்தார். காதை விரலால் அளந்தார். மூக்கைத் தடவினார்.

"சந்தேகமே இல்லை. தாய் நம்ம ஊரு. தகப்பன் வடக்கத்தி. பாதிக்குப் பாதி கலப்பு! முழு ஜமுனாபாரின்னா காது இன்னும் நீளம். நம்ம ஆடுன்னா இதுல பாதி. இது ரெண்டுக்கும் நடுவுல நிக்குது."

"இந்தப் பக்கம் வேற ஜமுனாபாரிக் கிடா இருக்கா டாக்டர்?"

"என் தாலுக்காவுல ஒண்ணுகூடக் கிடையாது."

அங்கம்மாள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அப்ப அவரு கிடா சாகலியா சார்? எங்கயாச்சும் உசுரோட இருக்கா?"

"தோலைத்தான் பார்த்தோமேம்மா. டாக்டர்... ஆட்டுக்குச் சினைக்காலம் எவ்வளவு?"

"அஞ்சு மாசம். நூத்தம்பது நாள். ரெண்டு நாள் முன்னப் பின்ன இருக்கும்."

தங்கமுத்து விரலை மடக்கினார். செப்டம்பர்... அக்டோபர்... நவம்பர்... டிசம்பர்... ஜனவரி... பிப்ரவரி!

"நூத்தி அம்பத்தோரு நாள்!"



"டாக்டர், அந்தக் கிடா இந்த மண்ணுல உயிரோட நடந்தது காலையில எட்டு மணியில இருந்து மத்தியானம் வரைக்கும். அந்த ஒரே தோட்டத்துல! அன்னிக்கு அங்க வேற ஆடே கிடையாது. ஆனா இந்த ஆடு அங்க இருந்திருக்கு. இது தானா நடந்து போகலை. எவனோ ஓட்டிட்டுப் போயிருக்கான். அவன்தான் மலைச்சாமியைக் கடைசியா உயிரோட பார்த்தவன்!"

சட்டென்று திரும்பினார்.

"அங்கம்மா! இந்த ஆடு உனக்கு ஏது?"

அங்கம்மாளின் முகம் வெளிறியது.

"ச... சந்தையில வாங்குனேன் சார்."

"யார்கிட்ட?"

"யாரோ... மொகம் ஞாபகமில்ல..."

முனீர் சத்தமில்லாமல் தாய் ஆட்டின் இடது காதைத் தூக்கிக் காட்டினார். நுனியில் பிறை போல ஒரு வெட்டு. பழைய வெட்டு. குட்டியாய் இருந்தபோதே போட்டது.

"மத்த ஆட்டுக்கெல்லாம் காதுல ரெண்டு கீறல் இருக்கு. இதுக்கு மட்டும் பிறை. யாரு வீட்டுக் காதுக்குறிம்மா இது?"

அங்கம்மாள் புழுக்கைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஆட்டுக்காரர்களுக்குக் காதுக்குறிதான் குடும்பப் பெயர். பொய் சொல்லலாம். காதை மாற்ற முடியாது!

"எங்கப்பன் வீட்டுக் குறி சார்..." அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "பதினாறாம் நாளு காரியத்துக்கு எங்கண்ணன் கோடிச் சேலை கொண்டாந்துச்சு. கூடவே இந்த ஆட்டையும் பிடிச்சாந்து என் கையில குடுத்துச்சு. 'அழாத தாயி... பாலுக்காகட்டும்'னுச்சு..."

அண்ணன் ஆவுடையப்பன்!

மலைச்சாமியின் பிணத்தைக் கட்டிக்கொண்டு உருண்டு புரண்டு அழுதவன். கோர்ட்டில் கிதர் முகம்மதைப் பார்த்துக் காறித் துப்பியவன். சம்பவம் நடந்த அன்று சித்தையன்கோட்டையில் உறவுக்காரர் வீட்டில் இருந்ததாகவும், கிடாவைக் கண்ணாலேயே பார்த்ததில்லை என்றும் எழுதிக் கொடுத்தவன்.

"போன வாரம் அந்த உம்மு சல்மா இந்த வாசல்ல வந்து நின்னுச்சு சார்," என்றாள் அங்கம்மாள். "கிதர் அண்ணன் சம்சாரம். 'எங்க வீட்டுக்காரரு செய்யல தங்கச்சி'ன்னு அழுதுச்சு. நான் வெளக்கமாத்தைத் தூக்குனேன். கூடப் பொறந்தவன் சொன்னதை நம்பி... அந்தப் புள்ளைய வெளக்கமாத்தால..."

 கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஆளனுப்பி எங்கண்ணனை வரச் சொல்றேன் சார். நீங்க உள்ள இருங்க. அது வாயால நான் கேக்கணும்."

இரண்டு மணி நேரத்தில் ஆவுடையப்பன் வந்தான்.

தோளில் துண்டு. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வாய் நிறையச் சிரிப்பு.

"ஏத்தா அங்கம்மா! குட்டி போட்டுருச்சாம்ல? எங்க... காட்டு பாப்போம்!"

"கொட்டில்லதான் இருக்கு. போயிப் பாருண்ணே."

போனான். பார்த்தான்.

வாழைப்பழம் கீழே விழுந்தது!

"என்ன ஆவுடையப்பன்... மருமகன் யாரு சாடை?"

கொட்டிலின் இருட்டுப் பக்கத்திலிருந்து இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். பின்னால் முனீர். வாசலை அடைத்துக்கொண்டு ஏட்டு.

"சார்... நீங்களா... இது... என்னமோ வினோதமா..."

"நீ அந்தக் கிடாவைப் பார்த்ததே இல்லேன்னு எழுதிக் கொடுத்திருக்கே. சரி, நீ பார்க்கலை. உன் ஆடு பார்த்திருக்கு!"

"ஆடு அவுத்துக்கிட்டு மேயப் போயிருக்கும் சார்! எனக்கென்ன தெரியும்?"

"உன் வீட்டுல இருந்து நாலு மைல். சினைக்குக் கத்துற ஆடு ஒத்தையில நாலு மைல் நடந்து, புதுக் கிடா வந்த சேதி கேட்டு, நேரா அந்தத் தோட்டத்துக்குப் போச்சா? பேப்பர் படிக்குமா உன் ஆடு?"

ஆவுடையப்பன் உதட்டை நக்கினான்.

"போயிட்டு, அதுவே குளத்துல இறங்கிக் குளிச்சதா? ஒச்சாயி பார்த்திருக்கா. தெருக்கோடியில மறைச்சு நிறுத்தின ஜீப்புலதான் உக்காந்திருக்கா. கூப்பிடட்டுமா?"

ஜீப்பில் ஒரு ஸ்டெப்னி டயரைத் தவிர யாருமே இல்லை. ஆனால் ஆவுடையப்பனுக்கு அது தெரியாதே!

அவன் கொட்டில் தூணைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே." அங்கம்மாள் எதிரே வந்து நின்றாள். "என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. நீயா?"

"தாயி..."

"நீயாண்ணே?"

ஆவுடையப்பன் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டான். அழுகை அதையும் மீறி வெடித்தது.

"அவன் என்னை ஏமாத்திட்டான் தாயி! மூணு வருசமா என் மந்தையில குட்டி நிக்கல. எல்லாம் சூம்பிப்போயிப் பொறக்குது. நாலு நாள்ல சாகுது. இந்த டாக்டரே சொன்னாரு... ஒரே ரத்தத்துக்குள்ளயே சேத்துச் சேத்துக் கெட்டுப்போச்சு, புது ரத்தம் வேணும்னு."

முனீர் மெல்லத் தலையசைத்தார். சொன்னவர் அவர்தான்.

"உன் புருசன் என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனான். 'கிடா வந்ததும் முதல் சேர்க்கை உன் ஆட்டுக்குத்தான் மச்சான்'னான். அதை நம்பித்தான் பருவத்துக்கு வந்த இந்த ஆட்டை அன்னைக்குக் காலையில ஓட்டிட்டுப் போனேன். கிடாவை அடைச்சிருந்த மூங்கில் படலுக்குப் பக்கத்துல கட்டிப்போட்டு, கெணத்தடிக்குப் போயித் தண்ணி குடிச்சிட்டு, காலு மொகம் கழுவிட்டு வந்தேன். வேப்பமரத்தடியில உக்காந்து சிரிக்கிறான்! 'கீரனூர்க்காரருக்கு வாக்குக் குடுத்துட்டேன் மச்சான். முதல் சேர்க்கை அவருக்குத்தான். நீ போயிட்டு அடுத்த மாசம் வா'ங்கிறான்! சிரிச்சுக்கிட்டே சொல்றான் தாயி! என் மந்தையே அழியுது... இவன் சிரிக்கிறான்! அரிவாளு கையில எப்ப வந்துச்சுன்னே தெரியல..."

"கிடாவை ஏன் கொன்னே?"

"எனக்கில்லாதது எவனுக்கும் வேணாம்னு தோணுச்சு சார். ஓடைப்பக்கம் இழுத்துட்டுப் போயி அறுத்தேன். சாயங்காலம் சந்தையில பாயோட வண்டி நின்னுச்சு. தோலு எனக்குன்னு அவரு சொன்னது ஞாபகம் வந்துச்சு. உப்புத் தடவி மடிச்சு, அவரு தோலுங்களுக்கு நடுவுல சொருகிட்டேன்..."

"பாவி!" என்றாள் அங்கம்மாள். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை.

முனீர் தொண்டையைச் செருமினார்.

"ஆவுடையப்பன், எனக்கு ஒண்ணுதான் புரியலை. ஆட்டை எதுக்குக் குளிப்பாட்டினீங்க?"

"ரத்தம் சார்! மாப்ள ரத்தம்! ஆட்டு முதுகெல்லாம் செவப்பா அப்பியிருந்துச்சு. அப்பிடியே ஊருக்குள்ள எப்பிடி ஓட்டிட்டுப் போறது? தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுனேன். கழுவுன பொறவும் அந்த ஆட்டைப் பாத்தாலே எனக்குச் செவப்பாத்தான் தெரிஞ்சுச்சு. வீட்டுல வச்சிருக்க முடியல. அதான் தங்கச்சிக்குக் குடுத்துட்டேன். சினையானதுகூட எங்க பட்டிக் கிடாவாலன்னுதான் நெனச்சேன்..."

தங்கமுத்துவின் புருவம் சுருங்கியது.

"நில்லு! ஆடு எங்க கட்டியிருந்துச்சு?"

"படல்கிட்ட சார்."

"வேப்பமரத்துல இருந்து எவ்வளவு தூரம்?"

"இருபது, இருபத்தஞ்சு அடி இருக்கும்."

"இருபத்தஞ்சு அடி தள்ளி நின்ன ஆட்டு முதுகுல ரத்தம் எப்படிய்யா அப்பும்? பறந்து போச்சா?"

தங்கமுத்து ஏட்டு பக்கம் திரும்பினார்.

"ஏட்டு! அந்தச் சாமான் லிஸ்ட்டைப் படி!"

"அரிவாள் ஒண்ணு... பீடிக்கட்டு ஒண்ணு... கொட்டாங்குச்சியில் குழைச்ச காவி..."

"காவி!"

கத்தியது இன்ஸ்பெக்டர் இல்லை. அங்கம்மாள்!

"அது அவரு பழக்கம் சார். கிடாவைச் சேக்க விடுறதுக்கு முன்னாடி அது நெஞ்சுல காவியக் குழைச்சுப் பூசிருவாரு. எந்த ஆடு முதுகுல காவி ஒட்டியிருக்கோ அது சேந்த ஆடு. கணக்குத் தப்பாது. கிடாத் தோலோட நெஞ்சுல செவப்பா இருந்துச்சுன்னீங்களே... அதுவும் ரத்தமில்ல சார். காவி!"

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். ஒவ்வொரு வார்த்தையாக விழுந்தது.

"நீ கெணத்தடிக்குப் போன செத்த நேரத்துல அவரு உன் ஆட்டைத்தான் உள்ள விட்டிருக்காரு. முதல் சேர்க்கை உன் ஆட்டுக்குத்தான் நடந்திருக்கு. சத்தியத்தைக் காப்பாத்திட்டுத்தான் உக்காந்து சிரிச்சிருக்காரு. கொஞ்ச நேரம் மச்சானைச் சீண்டிட்டு, பொறவு ஆட்டு முதுகைக் காட்டலாம்னு இருந்திருக்காரு. எப்பவும் அப்பிடித்தானேண்ணே சீண்டுவாரு உன்னைய?"

ஆவுடையப்பன் ஆட்டின் கறுப்பு முதுகைத் திரும்பிப் பார்த்தான். 

விளையாட்டு வினையாகும் என்பார்கள். இந்தக் கேஸில் இரண்டு விளையாட்டு. ஒன்று ஓர் ஆளை மண்ணுக்குள் அனுப்பியது. இன்னொன்று ஓர் ஆளைத் தூக்குமேடைப் படி வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தியது.

"காவியா..." என்றான் ஆவுடையப்பன். "நாப்பது வருசமா ஆடு வளக்குறேன்... காவியைப் பாத்து ரத்தமுன்னு..."

"அரிவாளை எடுத்தவன் கண்ணுக்கு எல்லாம் ரத்தமாத்தான் தெரியும்," என்றார் தங்கமுத்து.

அங்கம்மாள் வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு வெள்ளைச் சேலை. பதினாறாம் நாள் அவன் போட்ட பிறந்த வீட்டுக் கோடி. அதை அவன் காலடியில் வைத்தாள்.

"எம்புருசனைக் கொன்னுட்டு, எனக்கே கோடி போட்டியேண்ணே. இதையும் எடுத்துட்டுப் போ. எனக்குப் பொறந்த வீடு இனிமே இல்ல."

அவன் கும்பிட்டான். அவள் பார்க்கவில்லை.

"சார்... கிதர் அண்ணனை எப்ப விடுவாங்க?"

"இப்பவே மதுரைக்குப் போறேம்மா. பப்ளிக் பிராசிக்யூட்டர் வீட்டுக் கதவைத் தட்டறேன். தீர்ப்பு நின்னுடும். அதுக்கப்புறம் கொஞ்ச நாள்தான்." தங்கமுத்து தொப்பியைக் கையில் எடுத்தார். "தப்பு என்னோடதும்தான். அவர்கிட்ட நானே போய்ச் சொல்றேன்."

"போற வழியில என்னையப் பேகம்பூர்ல இறக்கி விட்டுருங்க."

"எதுக்கும்மா?"

"உம்மு சல்மா வாசல்ல நிக்கணும். அது வெளக்கமாத்தை எடுத்தாலும் வாங்கிக்கிறேன்."

 குட்டி தடுமாறி நடந்து வந்து, விலங்கு பூட்டிய ஆவுடையப்பனின் கையை முகர்ந்து பார்த்தது. அவன் மந்தைக்குக் கேட்ட புது ரத்தம். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஏட்டு ஜீப் பானெட்டின் மேல் பேப்பரை விரித்துப் பேனாவைத் திறந்தார். தலையைச் சொறிந்தார்.

"ஸார்... குட்டியையும் கோர்ட்டுக்குக் கொண்டு போகணுமில்லையா? சாட்சி லிஸ்ட்டுல அதை எப்படி எழுதறது? பேரே இன்னும் வைக்கலையே?"

தங்கமுத்து ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

"பேர் இல்லாட்டிப் பரவாயில்லய்யா... தகப்பன் பேரை மட்டும் கொட்டை எழுத்துல எழுது!"